மானுக்குத் தெரியாத நிறம், மனிதருக்குத் தெரிய வேண்டிய நிறம்

அமெரிக்காவில் இலையுதிர் காலம் வந்தால் மான் வேட்டைப் பருவமும் வந்துவிடும். இலட்சக்கணக்கானோர் துப்பாக்கியோடு காட்டுக்குள் போகிறார்கள். தலையில் தொப்பி, உடம்பில் ஒரு மேலங்கி, இரண்டும் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறம். பெரும்பாலான மாநிலங்களில் துப்பாக்கி வேட்டைக்கு அது சட்டக் கட்டாயம். மறைந்திருந்து ஒரு விலங்கைச் சுடப் போகிறவர் இப்படிப் பளிச்சென்று உடுத்திப் போவது முதல் பார்வையில் முட்டாள்தனமாகத் தெரியும். ஆனால் அந்த ஆரஞ்சுத் துணிக்குப் பின்னால் அறுபது ஆண்டு அனுபவமும், சிந்திய இரத்தமும், கண்ணைப் பற்றிய அறிவியலும் இருக்கின்றன. நம் நாட்டில் மான் வேட்டை குற்றம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு, நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் 1879-இல் தனிச் சட்டம் போட்டு முறைப்படுத்தி அனுபவித்த வேட்டைக் காலமெல்லாம் பழங்கதையாகிவிட்டது. அது அப்படியே இருப்பதுதான் நல்லது. இருந்தாலும் அந்த வேட்டைக்காரர்கள் விலை கொடுத்துக் கற்ற ஒரு பாடம் நமக்கும் வேண்டும். எந்த வெளிச்சத்தில், எந்த நிறத் துணி, ஒரு மனிதரை மனிதர் என்று காட்டிக்கொடுக்கிறது என்பதே அந்தப் பாடம். உலகத்துக்கே பனியன் தைத்து அனுப்பும் திருப்பூர், தன் சொந்தச் சாலைகளில் இருட்டில் நடப்பவர்களுக்காக அந்தப் பாடத்தை இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை.

வேட்டையில் மனிதரை மனிதர் சுட்டுவிடுவது பெரும்பாலும் பகையால் நடப்பதில்லை. மணிக்கணக்காக மானையே எதிர்பார்த்துக் காத்திருக்கும் மூளை, புதருக்குள் எது அசைந்தாலும் அதை மானாகவே பார்க்கத் தயாராகிவிடுகிறது. பழுப்புச் சட்டை மானின் உடலாகிறது. அசையும் கை மானின் தலையாகிறது. இதைத் தடுக்கத்தான் முன்பு சிவப்பும் கறுப்பும் கட்டம் போட்ட கம்பளிச் சட்டைகளை வேட்டைக்காரர்கள் அணிந்தார்கள். உச்சி வெயிலில் சிவப்பு நன்றாகவே தெரியும். ஆனால் மான் நடமாடுவது விடியலிலும் அந்தியிலும். வெளிச்சம் குறையக் குறைய மனிதக் கண் முதலில் இழப்பது சிவப்பின் பிரகாசத்தைத்தான். நீலமும் பச்சையும் சற்றுத் தாக்குப்பிடிக்கும்போது சிவப்பு கறுத்துப் போகிறது. இதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்குச் சிவப்பு–பச்சை வேறுபாட்டை உணர்வதில் பிறவிக் குறை இருக்கிறது. பச்சைக் காட்டுக்குள் சிவப்புச் சட்டை அவர்களுக்குத் தனித்துத் தெரிவதில்லை. மாசசூசெட்ஸ் மாநிலம் இராணுவத்தின் துணையோடு நிறங்களைச் சோதித்துப் பார்த்து, 1960-களின் தொடக்கத்திலேயே ஒளிரும் ஆரஞ்சுக்கு மாறியது. நிறக்குறை உள்ளவர்களும் அந்த ஆரஞ்சைப் பிரகாசமாகப் பார்க்க முடிந்தது என்பது அந்தத் தேர்வின் முக்கியமான காரணங்களில் ஒன்று. பிறகு மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. கொலராடோவில் குறைந்தது 500 சதுர அங்குலம் ஒளிரும் துணி உடம்பில் இருக்க வேண்டும். பென்சில்வேனியாவில் தலை, மார்பு, முதுகு மூன்றிலுமாகச் சேர்த்து 250 சதுர அங்குலம், அதுவும் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தெரியும்படி. நிறத்தை மட்டும் சொல்லிவிட்டு நிற்காமல், எவ்வளவு பரப்பு, உடம்பில் எங்கே என்பதையும் சட்டமே சொல்கிறது. துணித் தொழிலில் இருப்பவர்கள் இந்த நுணுக்கத்தை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

சாதாரண ஆரஞ்சுக்கும் இந்த ஆரஞ்சுக்கும் என்ன வேறுபாடு? சாதாரணச் சாயம் தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. வந்ததைவிட அதிகமாக அதனால் அனுப்ப முடியாது. ஒளிரும் சாயமோ நம் கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஒளியையும் நீல ஒளியையும் விழுங்கி, அந்த ஆற்றலை ஆரஞ்சாகவோ மஞ்சளாகவோ மாற்றி வெளியே விடுகிறது. அந்த நிறத்தில் தன்மேல் விழுந்ததைவிடக் கூடுதலாகத் திருப்பி அனுப்புவதால்தான் துணிக்குள் விளக்கு எரிவதுபோல ஒரு தோற்றம் வருகிறது. அந்தி வானத்தின் ஒளியில் நீலம் மிகுதி. எனவே மற்ற நிறங்கள் மங்கத் தொடங்கும் அந்த நேரத்தில்தான் இது மேலும் எடுப்பாகத் தெரியும். 1930-களில் கலிபோர்னியாவைச் சேர்ந்த பாப் ஸ்விட்சர், ஜோ ஸ்விட்சர் என்ற சகோதரர்கள் இந்தச் சாயங்களைச் செய்யத் தொடங்கினார்கள். இரண்டாம் உலகப் போரில் விமானங்களுக்குச் சைகை காட்டும் துணிகளில் அவை பயன்பட்டன. அங்கிருந்து சாலைப் பணியாளர் மேலங்கிக்கும் வேட்டைத் தொப்பிக்கும் வந்து சேர்ந்தன.

மானுக்கு மட்டும் இந்தப் பளபளப்பு ஏன் தெரிவதில்லை? நம் விழித்திரையில் நிறம் உணரும் கூம்பு செல்கள் மூன்று வகை. வெள்ளைவால் மானுக்கு இரண்டே வகைதான் என்பதை 1990-களின் தொடக்கத்தில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் மான்களை வைத்து நடத்திய அளவீடுகள் உறுதி செய்தன. நீலத்தை உணர ஒன்று, பச்சைப் பக்கம் ஒன்று. சிவப்பையும் ஆரஞ்சையும் தனியே பிரித்தறிய அதற்கு வழியில்லை. நமக்குக் கூசும் ஆரஞ்சு அதற்கு இலைதழையோடு கலந்துவிடும் ஒரு மங்கல் நிறம். மாறாக நீலத்தை அது நம்மைவிட நன்றாகவே உணர்கிறது. மனிதக் கண்ணின் வில்லை புறஊதாவைத் தடுத்துவிடும். மானின் கண்ணில் அந்தத் தடை குறைவு. வெள்ளை பனியனை மேலும் வெளுப்பாகக் காட்டச் சேர்க்கும் ஒயிட்னரும் பெரும்பாலான சலவைத்தூளில் இருக்கும் வெளுப்பூட்டியும் புறஊதாவை நீல ஒளியாக மாற்றி விடுகிறவை. அப்படித் துவைத்த துணி அந்தி வேளையில் மானின் கண்ணுக்கு எடுப்பாகத் தெரியும். நாம் மறைவு என்று நினைப்பது அதற்கு வெளிச்சம். நாம் வெளிச்சம் என்று நினைப்பது அதற்கு மறைவு. ஒரு துணி எடுப்பானதா இல்லையா என்பதைத் துணியை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. பார்ப்பது யார் கண், அப்போது என்ன ஒளி, பின்னணியில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன.

இதை மறந்தால் என்ன நேரும் என்பதற்கு ஒரு கொடுமையான சான்று உண்டு. 1988 நவம்பரில் மெயின் மாநிலத்தின் ஹெர்மன் என்ற ஊரில் இளம் தாய் ஒருவர் தன் வீட்டுக்குப் பின்னால், மர ஓரத்தில் நின்றிருந்தார். கையில் வெள்ளைக் கையுறை. வெள்ளைவால் மான் ஓடும்போது வாலைத் தூக்கும். அடிப்பக்கம் வெள்ளையாகப் பளிச்சிடும். வேட்டைக்காரர் ஒருவர் அந்தக் கையுறையின் அசைவை மானின் வாலென்று எண்ணிச் சுட்டதில் அந்தப் பெண் உயிரிழந்தார். வழக்கில் சுட்டவர் குற்றமற்றவர் என்று நடுவர் குழு சொன்னது. அந்தத் தீர்ப்பு பல ஆண்டுகள் விவாதிக்கப்பட்டது. வெள்ளை தூரத்திலிருந்தே தெரிகிற நிறம்தான். அன்று அது தெரியவும் செய்தது. ஆனால் மனிதராகத் தெரியவில்லை. கண்ணில் படுவது வேறு, இன்னது என்று அடையாளம் புரிவது வேறு. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால்தான் நம் ஊர்ச் சாலைக்கு வர முடியும்.

2022-ஆம் ஆண்டு இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக ஒன்றியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். அந்த ஆண்டு 64,105 விபத்துகளோடு தமிழ்நாடு நாட்டிலேயே விபத்து எண்ணிக்கையில் முதலிடத்தில் நின்றது. இங்கே உயிரிழந்தவர்கள் 17,884 பேர். நாளின் எந்த நேரத்தில் அதிக விபத்து என்று பார்த்தால், நாடு முழுவதற்குமான கணக்கில் மாலை 6 முதல் இரவு 9 மணி வரையே முன்னால் நிற்கிறது, ஐந்தில் ஒரு பங்கு. திருப்பூர்க்காரர்களுக்கு அந்த மூன்று மணி நேரத்தை விளக்க வேண்டியதில்லை. ஒரு ஷிப்ட் முடிந்து வெளியே வருபவர்கள், ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வருபவர்கள் எல்லோரும் சாலையில் இருக்கும் நேரம் அது. அவிநாசி ரோடு, பல்லடம் ரோடு, மங்கலம் ரோடு, காங்கயம் ரோடு, தாராபுரம் ரோடு என்று எந்தப் பக்கம் போனாலும் நடையில், சைக்கிளில், டிவிஎஸ் 50-இல் ஆட்கள். கம்பெனி வேனில் இறங்கி ஊருக்குள் நடப்பவர்கள் ஒரு பக்கம், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து கம்பெனிக்குப் பக்கத்து அறைகளில் தங்கி நடந்தே போய்வருபவர்கள் இன்னொரு பக்கம். சனிக்கிழமை சம்பள நாள் என்றால் கூட்டம் இரட்டிப்பு. உடுத்தியிருப்பது பெரும்பாலும் கறுப்பு, கருநீலம், அடர்சாம்பல். அழுக்குத் தெரியாது என்று வாங்கும் நிறங்கள்.

இதோடு ஆண்டுக்கொரு முறை வேறொரு பெரிய நடையும் சேர்கிறது. தைப்பூசத்துக்குக் கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர்ப் பக்கங்களிலிருந்து பழனிக்குக் கிளம்பும் பாதயாத்திரை. தாராபுரம் வழியாகவும் உடுமலை, மடத்துக்குளம் வழியாகவும் ஆயிரக்கணக்கில் போகிறார்கள். வெயிலுக்குப் பயந்து இரவிலும் விடியற்காலையிலும் நடப்பவர்களே அதிகம். உடுத்துவது காவி அல்லது பச்சை. காவியும் ஆரஞ்சுக் குடும்பம்தானே, வேட்டைக்காரரின் ஆரஞ்சுக்கு என்ன குறைச்சல் என்று தோன்றலாம். பகலில் ஓரளவு உண்மைதான். ஆனால் காவிச் சாயம் ஒளிரும் சாயம் அன்று; அந்தியிலேயே பழுப்பாகிவிடும். பச்சை வேட்டி விளக்கு வெளிச்சத்தில் கறுப்பாகத் தெரியும். ஐயப்ப பக்தரின் கறுப்பு, மேல்மருவத்தூர் செவ்வாடை, வேளாங்கண்ணிக்கு நடப்பவர்களின் காவி எல்லாவற்றுக்கும் இதே கதிதான். வெள்ளை வேட்டி சட்டை கொஞ்சம் கைகொடுக்கும். ஆனால் வேகமாக வரும் ஓட்டுநருக்கு அது மைல்கல்லா, சாலையோரச் சுவரா, நடக்கும் ஆளா என்று புரிய நேரம் பிடிக்கும். மெயினில் அந்தக் கையுறைக்கு நேர்ந்த குழப்பம் இங்கே வேறு வடிவில் நேர்கிறது.

இரவில் வேட்டைக்காரரின் ஒளிரும் ஆரஞ்சைப் போட்டுக்கொண்டாலும் பெரிதாகப் பயனில்லை. புறஊதாவும் நீலமும் விழுந்தால்தான் அந்தச் சாயத்துக்கு உயிர். மஞ்சள் சோடியம் தெருவிளக்கில் இரண்டுமே அநேகமாக இல்லை. இருட்டுக்கு வேண்டியது வேறொரு பொருள். நம் ஊரில் ரேடியம் ஸ்டிக்கர் என்று சொல்கிறோமே, அந்தப் பிரதிபலிப்புப் பட்டைதான் அது. அதில் ரேடியமும் கிடையாது, தானாக ஒளிர்வதும் கிடையாது. மணலைவிடப் பொடியான கண்ணாடி மணிகள் துணிமேல் பதிந்திருக்கும். வண்டியின் விளக்கொளி மணிக்குள் நுழைந்து, பின்புறப் பூச்சில் பட்டு, வந்த திசையிலேயே திரும்பிப் போகும். விளக்குக்குச் சற்று மேலே உட்கார்ந்திருக்கும் ஓட்டுநரின் கண்ணுக்கு அது நேராகப் போய்ச் சேர்கிறது. உடுமலையிலிருந்து சின்னாறு போகும் மலைப்பாதை ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் போகிறது. இரவில் அந்தப் பாதையோரம் நிற்கும் புள்ளிமானின் உடம்பு தெரியும் முன்னே கண்கள் இரண்டும் மின்னும். அதன் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று இருக்கிறது. மனிதக் கண்ணில் அது இல்லை. இருட்டுச் சாலையில் மானுக்கு இருக்கும் இந்தப் பாதுகாப்புகூட நமக்குப் பிறவியில் கிடைக்கவில்லை. தைத்துத்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

கணக்கும் எளிதுதான். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. ஆபத்தை உணர்ந்து பிரேக்கை மிதிக்க இரண்டு நொடி, பிறகு வண்டி நிற்க இன்னும் 20 மீட்டர் என்று வைத்தால் 50 மீட்டருக்கு மேல் வேண்டும். தாழ்ந்த விளக்கில் கறுப்புச் சட்டைக்காரர் தெரிய வருவது பெரும்பாலும் 30, 40 மீட்டருக்குள். எதிரே ஒரு லாரி முழு வெளிச்சத்தோடு வந்தால் அதுவும் இல்லை. பட்டை அணிந்தவரோ 100 மீட்டருக்கு அப்பாலேயே தெரிவார். நடப்பவருக்கு இந்த அபாயம் புரிவதில்லை என்பதுதான் கவலை. வண்டியின் வெளிச்சம் தன் முகத்தில் பளீரென்று அடிக்கும்போது, எனக்கு அவன் தெரிகிறானே, அவனுக்கும் நான் தெரிவேன் என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. நடப்பவர்கள் தாம் தெரியும் தூரத்தை மிகைப்படுத்தியே நினைக்கிறார்கள் என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்ப ஆய்வு செய்து கண்ட உண்மை.

பட்டையை உடம்பில் எங்கே வைப்பது என்பதும் அற்பமான கேள்வியன்று. ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் யொஹான்சன் 1973-இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார். ஆட்களின் மூட்டுகளில் மட்டும் சிறு ஒளிப்புள்ளிகளைப் பொருத்தி, முழு இருட்டில் நடக்கவிட்டுப் படம் எடுத்தார். அசையாமல் நிற்கும்போது சிதறிய புள்ளிகளாகத் தெரிந்தவை, நடக்கத் தொடங்கியதும் கணப்பொழுதில் மனிதராகத் தெரிந்தன. மனித நடையை அடையாளம் காண நம் மூளை அவ்வளவு பழகியிருக்கிறது. இந்த உண்மையைச் சாலைக்குக் கொண்டுவந்து அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த ஆய்வுகள் ஒரே முடிவைத் தந்தன. அதே அளவு பட்டையை மார்பில் மட்டும் ஒட்டுவதைவிடக் கணுக்கால், முழங்கால், மணிக்கட்டு, முழங்கை ஆகிய இடங்களில் பிரித்து வைத்தால் ஓட்டுநர் மிக முன்னதாகவே அங்கே ஆள் நடக்கிறார் என்று உணர்கிறார். தாழ்ந்த விளக்கொளி முதலில் விழுவதும் காலில்தான். பாதயாத்திரை போகிறவர்களின் முதுகுப்பையில் காவல்துறையினர் பட்டை ஒட்டி விடுவதும், கையில் ஒளிரும் குச்சி கொடுப்பதும் நல்ல வேலை. அவர்களைப் பாராட்ட வேண்டும். அந்தப் பட்டையில் பாதியை இரு கணுக்கால்களுக்கும் மாற்றினால் அதே செலவில் பயன் கூடும்.

இப்போது தொழில் பக்கம் வருவோம். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் போவது திருப்பூரிலிருந்துதான். வேலைத்தள உடுப்புக்கான ஆர்டர்களும் இந்த ஊருக்கு வருகின்றன. அப்படி ஆர்டர் எடுத்தவர்களுக்கு ஐஎஸ்ஓ 20471 என்ற எண் பழக்கம். அந்த உலகத் தரவிதியின்படி அதிகபட்சப் பாதுகாப்பு தரும் மூன்றாம் வகுப்பு உடுப்பில் ஒளிரும் துணி குறைந்தது 0.80 சதுர மீட்டர், பிரதிபலிப்புப் பட்டை 0.20 சதுர மீட்டர் இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைப்பும் இத்தகைய உடுப்புக்கு ஐஎஸ் 15809 என்ற விதியை வைத்திருக்கிறது. ஒளிரும் சாயத்தைப் பருத்தியில் நிலைநிறுத்துவது கடினம். வெயிலிலும் சலவையிலும் சீக்கிரம் மங்கிவிடும். பாலியஸ்டரில் 130 டிகிரி சூட்டில், அழுத்தத்தில் சாயமேற்றினால் நிற்கும். உடம்பைத் தொடும் உள்பக்கம் பருத்தியும் வெளிப்பக்கம் பாலியஸ்டரும் வருமாறு பின்னினால் வியர்வைக்கும் வழி, நிறத்துக்கும் வழி. பட்டையைச் சிறு துண்டுகளாக வெட்டி, சூட்டில் ஒட்டினால் பனியன் துணியின் இழுவைக்கு அது ஈடுகொடுக்கும். சாதாரண பிரிண்டிங்கில் போடும் பளபள மையை அதற்கு மாற்றாக எண்ணிவிடக் கூடாது. அதன் ஒளித்திருப்பம் குறைவு, நாலு சலவையில் உதிரத் தொடங்கும். இந்த வேலைகளில் ஒன்றுகூடத் திருப்பூருக்குப் புதிதன்று. மிஷின் இருக்கிறது, கை இருக்கிறது, அறிவும் இருக்கிறது. இங்கிருந்து போன ஒரு சட்டை, எங்கோ ஒரு குளிர்நாட்டில் சாலை போடுபவரைக் காக்கும்போது, அதைத் தைத்த பெண் இருட்டில் கருநீலச் சுடிதாரோடு பல்லடம் ரோட்டைக் கடப்பது எனக்குப் பொறுக்க முடியாத ஒன்றாகப் படுகிறது.

இதற்கு வரும் எதிர்ப்புகளில் நியாயமானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நடப்பவர் மேல் பாரத்தைச் சுமத்துகிறாயே, நடைபாதை போடாதவரையும், தெருவிளக்கை எரிய விடாதவரையும், குடித்துவிட்டு ஓட்டுபவரையும் விட்டுவிட்டாயே என்று கேட்கலாம். கேட்க வேண்டும். நடைபாதையும் வெளிச்சமும் வேகக் கட்டுப்பாடும் முதல் கடமைகள். பட்டை அணியாதவர் அடிபட்டால் அது அவர் குற்றம் என்று எந்த நீதிமன்றமும் காப்பீட்டு நிறுவனமும் சொல்ல இடம் தரக்கூடாது. மெயின் சம்பவத்திலும் அந்தப் பெண் ஏன் வெள்ளைக் கையுறை போட்டார் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். சொந்த வீட்டுக்குப் பின்னால் நின்றவரைக் கேட்கக்கூடாத கேள்வி அது. என்னைச் சட்டம் போடச் சொன்னால் நடப்பவருக்கு அபராதம் போட மாட்டேன். வேலை கொடுப்பவருக்கும், யாத்திரை நடத்துபவருக்கும், அரசுக்கும் பட்டை வழங்கும் கடமையை வைப்பேன். நடைபாதை வர ஐந்தாண்டு ஆகலாம். கணுக்கால் பட்டை அடுத்த சனிக்கிழமையே வரலாம். ஒன்றுக்காக மற்றொன்றைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. புதிய இருசக்கர வண்டிகளுக்கு 2017 ஏப்ரல் முதல் பகலிலும் முகவிளக்கு எரியும்படி விதி வந்தபோது, ஓட்டுபவர் மேல் பழி போடுகிறார்கள் என்று யாரும் எண்ணவில்லை. தெரிவது எல்லோருக்கும் நல்லது என்றே ஏற்றுக்கொண்டோம்.

இரண்டாவது எதிர்ப்பு, இதெல்லாம் ஆய்வுக்கூடத்தில் சரி, நிஜத்தில் விபத்து குறைகிறதா என்பது. நீண்ட காலம் இதற்கு நேரடிச் சான்று குறைவாகவே இருந்தது. தூரத்திலிருந்து தெரிகிறது என்பதை நிரூபித்தவர்கள், அதனால் உயிர் பிழைத்தது என்பதை நிரூபிக்கவில்லை. டென்மார்க்கில் 2012-இலிருந்து ஓராண்டு நடந்த சோதனை அந்தக் குறையை ஓரளவு போக்கியது. 6,793 சைக்கிள்காரர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பளிச்சிடும் மஞ்சள் ஜாக்கெட் கொடுத்தார்கள். ஜாக்கெட் பெற்றவர்களிடையே காயம் ஏற்பட்ட விபத்துகள் 47 சதவீதம் குறைவு. ஆனால் விபத்தைச் சொன்னவர்கள் பங்கேற்றவர்களே என்பதால், சொல்வதில் ஏற்பட்டிருக்கக்கூடிய சாய்வை ஆய்வாளர்களே கழித்துப் பார்த்தார்கள். அப்போதும் 38 சதவீதம் நின்றது. டென்மார்க்கின் சைக்கிள் பாதை வேறு, நம் சர்வீஸ் ரோடு வேறு என்பது உண்மைதான். அங்கே இருக்கும் நல்ல சாலைகளிலேயே இவ்வளவு பயன் என்றால், வெளிச்சம் குறைந்த நம் சாலையில் பயன் இல்லாமல் போகும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. அமெரிக்க வேட்டைக் காட்டிலும் இதே அனுபவம்தான். நியூயார்க் மாநிலம் வெகுகாலம் ஆரஞ்சைக் கட்டாயமாக்காமல் அறிவுரையாகவே வைத்திருந்தது. அங்கே விலங்கென்று தவறாக எண்ணிச் சுடப்பட்டவர்கள் பெரும்பாலும் ஆரஞ்சு அணியாதவர்களே என்று விபத்துப் பதிவுகள் காட்ட, 2021-இல் அந்த மாநிலமும் துப்பாக்கி மான் வேட்டைக்கு ஆரஞ்சையோ இளஞ்சிவப்பையோ கட்டாயமாக்கியது.

பழக்கத்தையும் நம்பிக்கையையும் பற்றிய தயக்கம் மீதி இருக்கிறது. விரத உடையை மாற்றச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை, தேவையும் இல்லை. காவி காவியாகவே இருக்கட்டும். கால்களில் இரண்டு விரல் அகலப் பட்டை கட்டினால் மாலைக்கும் வேட்டிக்கும் ஒரு குறையும் வராது. கம்பெனித் தொழிலாளர்கள் மேலங்கி கொடுத்தால் போட மாட்டார்கள் என்று நிர்வாகிகள் சொல்வதிலும் உண்மை உண்டு. புழுக்கமான ஊரில் சட்டைமேல் இன்னொரு சட்டை யாருக்கும் பிடிக்காது. பிடிக்காத பொருளைக் கொடுத்துவிட்டுப் போடவில்லை என்று குறை சொல்வதைவிட, எப்படியும் தினமும் கூடவே இருக்கும் பொருளில் பட்டையைச் சேர்த்துவிடுவது மேல். சாப்பாட்டுப் பை, சைக்கிள் பெடல், செருப்பின் பின்பக்கம், கம்பெனி கொடுக்கும் சீருடையின் கைவிளிம்பு, தீபாவளிக்குக் கொடுக்கும் டீ-சர்ட். அதைத் தைக்கும்போதே முடித்துவிட்டால் அணிபவர் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதே இல்லை. விஸ்கான்சின் மாநிலம் 2016-இல் ஆரஞ்சோடு ஒளிரும் இளஞ்சிவப்பையும் வேட்டைக்கு அனுமதித்தது, அணிபவரின் விருப்பத்துக்கு இடம் கொடுத்தாலும் பாதுகாப்பு குறையவில்லை என்று கண்டதால்தான். நம் பெண்கள் விரும்பும் நிறத்தில், விரும்பும் வெட்டில், பட்டை மட்டும் தரமானதாக ஒரு சுடிதார் பேண்ட் வடிவமைக்க இங்கிருக்கும் டிசைனர்களுக்கு ஒரு வாரம் போதும். இதில் சாயக்கழிவு கூடுமே என்ற அச்சமும் எழலாம். 2011-இல் சாயப்பட்டறைகளை உயர் நீதிமன்றம் மூடச் சொன்ன நாட்களை நொய்யல் கரையில் யாரும் மறக்கவில்லை. இரவுக்கு வேண்டியது பட்டைதான், சாயம் அன்று. ஆகவே ஆற்றுக்கு இதனால் புதுச் சுமை எதுவும் இல்லை.

திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கத்துக்கும், பனியன் தொழிற்சங்கங்களுக்கும், பழனிக்கு ஆண்டுதோறும் குழு கூட்டிச் செல்லும் குருசாமிகளுக்கும் என் வேண்டுகோள் இதுதான். வரும் தைப்பூசத்துக்கு முன்னால் தரச்சான்று பெற்ற பட்டையை மொத்தமாக வாங்குங்கள். கம்பெனிகளில் மிஞ்சும் கட்டிங் துண்டுகளில் அதைத் தைத்து, கணுக்காலில் கட்டும் நாடாக்களாக ஆளுக்கு இரண்டு கொடுங்கள். பாதயாத்திரைக் குழுக்களுக்கு முதலில், பிறகு நடந்தும் சைக்கிளிலும் ஷிப்டுக்கு வரும் ஒவ்வொருவருக்கும். இதற்குப் புதுச் சட்டம் வரக் காத்திருக்க வேண்டியதில்லை. ஓவர்லாக் மிஷினில் ஒரு நாடா தைக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.